சூடத்தை அணைத்த கை

என் அருமை மாப்பிள்ளை வீரணனுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. உன் வீட்டுப் படியேறி இதையெல்லாம் சொல்ல எனக்கு முகம் இல்லை. அங்கே என் தங்கை இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். போடியில் எனக்குக் கைதட்டியவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதல் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்து ஆட்களிடம் ஓட்டுக் கேட்கப் போனோம். ஜீப்பு நின்ற இடத்திலிருந்து நடைதான். நான் மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்திலெல்லாம், "சட்டசபை இதவிட மேடு மச்சான், வெரசா வாங்க" என்று கேலி செய்தாய்.

காட்டாற்றுக்குப் பாலம் கட்டித் தருவதாக அங்கே முழங்கினேன். மழையில் அந்த ஆறு பெருகினால் அவர்களுக்கு அரிசியும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. தோட்டத்து வேலைக்காரி செல்லாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெற்றிலையில் சூடத்தை ஏற்றி என் முன்னால் வைத்தாள்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. இத அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போங்க."

என் கை எழவில்லை. இதெல்லாம் எதற்கம்மா என்று முனகினேன். பயம், வேறொன்றுமில்லை. நீதான் முன்னால் வந்து உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். "எங்க மச்சான் சொன்னாச் செய்வாரு ஆத்தா. நான் பொறுப்பு."

அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி; அந்தக் குடியிருப்பே என் சின்னம் ஒட்டிய பெட்டியில் ஓட்டுப் போட்டது.

ஜெயித்து, ஐந்து வருடம் சென்னைக்குச் சட்டசபைக்குப் போய் வந்தேன். எத்தனையோ பேசினேன், பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தொகுதிக்கு ஒரு வேலை எழுதிக் கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டார்கள். ஜீப்பு கொடுத்த ஏலக்காய் முதலாளியின் தோட்டத்துக்குச் சாலை எழுதிக் கொடுத்தேன். நீ பாலத்தைப் பற்றிக் கேட்டபோது, "மேலே பேசிக்கிட்டிருக்கேன் மாப்ளே" என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாமே, ஏன் திட்டவில்லை?

உன் சாவுக்கு மலையிலிருந்து சனம் இறங்கி வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மழைக்காலம் தவறாமல் ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆட்களையும் அரிசி மூட்டையையும் நீ கரை சேர்த்திருக்கிறாய். "சோலியப் போட்டுட்டு எங்க போறீகன்னு கேட்டா, சத்தியம் பண்ணது என் கைதானேம்பாருண்ணே" என்று தங்கை அழுதாள். உன்னைக் கொண்டுபோன காய்ச்சலும் அந்தத் தண்ணீரில் வந்ததுதான்.

செல்லாயி உன் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பாலம் போயிருச்சே" என்று கதறினாள். நான் கட்சிக் கொடி சுற்றிய மாலையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது மறுபடியும் தேர்தல். எனக்கே சீட்டுக் கொடுத்தார்கள். போன வாரம் மலையேறினேன், கேலி செய்ய ஆள் இல்லை. இந்த முறை சூடத்தை நானே சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். தீக்குச்சியைக் கிழிக்கப் போனபோது செல்லாயி தடுத்துவிட்டாள்.

"வேணாங்க. அணைக்கிறவருதான் போயிட்டாரே."

கோபமாகச் சொல்லவில்லை மாப்பிள்ளை. பாலில்லாத கட்டஞ்சாயா கூடப் போட்டுக் கொடுத்தாள். சூடத்தைப் பையிலேயே போட்டுக்கொண்டு அதைக் குடித்தேன்.

இறங்கி வந்ததும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதில் பெருமை ஒன்றுமில்லை, எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பது?

உன் கயிறு வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறதாம். நாளைக்கு வந்து தங்கையிடம் கேட்பேன். கதவைச் சாத்தினாலும் வாசலிலேயே நிற்பேன். வருகிற ஐப்பசியில், ஆறு பெருகும்போது, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். பாலம் வருகிறவரை எல்லா ஐப்பசியும் நிற்பேன். எனக்கு நீச்சல் தெரியாது என்று உனக்குத் தெரியும். இருக்கட்டும், உன் இடுப்பளவு தண்ணீர் எனக்கு நெஞ்சளவுதானே வரும்.

இனிமேலாவது,
உன் மச்சான்