சூளைக்குள் வீசின உப்பு

தாஜிமி,
ஜூன் 9

அன்புள்ள சயோவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் பூனையும் சௌக்கியம், அங்கே லாவோஸ் மழையில் நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். மூன்று நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன், கை ஓடவில்லை, ஆலையில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

உன் பள்ளிக்கூடத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்ய எங்கள் ஆலையில் செய்கிற பீங்கான் வடிகட்டிக் குழாய் மூன்று தடவையும் சோதனையில் தேறவில்லை என்று சொன்னேன் அல்லவா. குழாயில் நீலச் சாயத்தைத் தடவி விளக்கடியில் வைத்தால் மேலே இருக்கிற பூச்சு வெளிச்சம் பட்டுச் சாயத்தைத் தின்றுவிட வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் இருக்கிற அழுக்கையும் தின்னும்; இவற்றில் நீலப் புள்ளிகள் அப்படியே நின்றன. பூச்சு போடுகிறவள் உன்னோடு படித்த கொஸுயெ, அதனால் எல்லாரும் அவளைத்தான் குடைந்தார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேனா, கையைக் கழுவிட்டு வேலைக்கு வாம்மா என்று நாலு பேர் முன்னால் சொன்னேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தோடு வந்தாள்.

போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்று அந்தக் குழாய்களைச் சூளையில் இருந்த வரிசையிலேயே மேசைமேல் அடுக்கி என்னைக் கூப்பிட்டாள். கதவோரத்துக் குழாய்களில் புள்ளி நெருக்கம், உள்ளே போகப் போகக் குறைவு. யாரோ வாசல்ல நின்னு எதையோ தூவின மாதிரி இருக்கு மாமா என்றாள்.  தூவினது நான்தான் சயோ. சூளை மூட்டும்போது சாமிக்கென்று வாசலில் உப்பும் ஒரு கிண்ணம் சாக்கே மதுவும் வைப்பது எல்லாரும் செய்வது, அதில் தப்பில்லை. இது நீ குடிக்கப்போகிற தண்ணீராயிற்றே, உள்ளேயும் சுத்தமாகட்டும் என்று கதவைச் சாத்துமுன் ஒரு பிடி உப்பை உள்ளே வீசினேன், மூன்று தடவையும். உப்புப் பட்ட இடத்தில் சூட்டில் அந்தப் பூச்சு செத்துப்போகுமாம். நாற்பது வருஷம் சூளையடியில் நின்றவன், எனக்குத் தெரியவில்லை.

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நாலு பேர் முன்னாலேயே கொஸுயெயிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டேன்.  அவள் ராஜினாமாக் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிட்டு வாங்க மாமா, அடுத்த அடுக்கு ஏத்தணும் என்றாள். போய்க் கழுவிவிட்டு வந்தேன்.

குழாய் உன் ஊருக்கு வந்து சேர இன்னும் இரண்டு மாதம் ஆகும், என்னால்தான். அதுவரை தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடி, பிள்ளைகளுக்கும் அப்படியே கொடு, மறந்துவிடாதே. கொஸுயெவுக்கும் நாலு வரி எழுது. நீ நல்லா இருக்கணும் என்று நேற்றும் சூளை முன்னால் கும்பிட்டேன், வெறுங்கையோடு.

உன் அப்பா,
இவாவோ