ஓட்டலுக்குப் போகாத ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை

இவருடைய அக்கா, என் நங்கை, இன்று சேலத்திலிருந்து குடும்பத்தோடு வந்தார். அவர்கள் வந்தால் மத்தியானம் எல்லோருமாக ஓட்டலுக்குப் போவது வழக்கம். இந்த முறை நான் விடியும்போதே எழுந்து கோழிக்குழம்பு வைத்துவிட்டேன்.

இலையில் உட்கார்ந்ததும் நங்கை தம்பியிடம், “ஏன்டா, எங்களுக்கு ஓட்டல்ல சோறு வாங்கித் தரக்கூட உனக்கு வக்கில்லாம போச்சா?” என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“அதெல்லாம் இருக்குதுங்க நங்கை. ஓட்டலுக்குப் போற காசை நாந்தான் எடுத்து வெக்கறேன். வர்ற வருசம் பி.எட். சேரப் போறேன்” என்றேன். இதுவரை இவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

“ரெண்டு புள்ளை பெத்த பொறகு படிப்பா?” என்று கேட்டார் நங்கை.

“ஆமாங்க.”

மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். இவர் தலையை நிமிர்த்தி, “இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து” என்றார். ஊற்றினேன்.

நங்கை போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மாமியார் இன்னும் முகம் கொடுக்கவில்லை. நாளைக்கு இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். இவர் என்ன சொல்வாரோ.

கேட்கட்டும். நான் சொன்னது சொன்னதுதான். விண்ணப்பம் கொடுக்கிற அன்று நானே போய்க் கொடுத்துவிட்டு வருவேன். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.