முதன்மை ஓட்டுநர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எதுவானாலும் எழுதிக் கேள், போனில் ஒன்று சொல்லி மறுநாள் வேறொன்று சொல்கிறாய் என்று கட்டளை போட்டாயே, இதோ எழுதுகிறேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை, இருமல் மட்டும்தான். வண்டிக்குத்தான் கேடு. இன்சூரன்ஸைப் புதுப்பிக்கப் போனேன். ஏஜெண்ட் கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தான். "சார், ரெண்டு வருஷத்துல மூணு க்ளெய்ம். உங்கள ஆபத்தான ஓட்டுநர்னு போட்டிருக்காங்க" என்றான். போன வருடத்தைப் போல மூன்று மடங்கு கேட்கிறான். முடியாதென்றால் எதிராளி வண்டிக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாமாம். என் வண்டி நொறுங்கினால் என் தலையெழுத்து. இன்னொரு வழியும் சொன்னான். வண்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி மாட்டுவார்களாம். எவ்வளவு வேகம், எப்போது பிரேக் என்று எல்லாவற்றையும் அது போட்டுக் கொடுக்குமாம். ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால் கட்டணத்தைக் குறைப்பார்களாம். பதினைந்து வருடமாக ஓட்டுகிறவனுக்குப் பெட்டி!

அந்த மூன்றில் ஒன்றாவது என் தப்பா, நீயே சொல். முதல் தடவை, முன்னால் போனவன் திடீரென்று நின்றான். இரண்டாவதற்கு, கம்பத்தை அங்கே நட்டவனைத்தான் கேட்க வேண்டும். மூன்றாவது, மழை.

ஒரு யோசனை வைத்திருக்கிறேன். நீ பதினெட்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறாய், ஒரு கீறல் கிடையாது. படிவத்தில் முதன்மை ஓட்டுநர் என்று உன் பெயரைப் போட்டு, என்னை எப்போதாவது ஓட்டுபவன் என்று காட்டினால் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஒரே ஒரு கையெழுத்து. ஊரே செய்கிறது. தம்பிக்கு இதுகூடச் செய்ய மாட்டாயா?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் செல்லத் தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

செல்லத் தம்பி என்று நீயே போட்டுக்கொண்டாய். நல்லது, வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். மழை என்ற இடம் வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டார். அந்த மழையில் நானும்தான் ஓட்டினேன், இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கம்பம் உன்னைத் தேடி நடந்தா வந்தது? முன்னால் போனவர் திடீரென்று நின்றாரா? சிவப்பு விளக்கில் நின்றாரடா. அவரைப் போய் இடித்துவிட்டு, இறங்கி அவரிடமே "எதுக்குங்க நிறுத்துனீங்க?" என்று கேட்டவன் நீ.

கையெழுத்து கிடையாது. உன் மண்டையில் ஏறும்படி காரணம் சொல்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளியில் என் ஓட்டுநர் பதிவை வாங்கிப் பார்க்கிறார்கள். என் பெயரில் ஒரு விபத்து இருந்தாலும் வேன் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள். நீ இடிப்பாய், அது என் கணக்கில் விழும். இடிக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே, கைவந்த கலையை யாரால் விட முடியும்?

பேசாமல் பெட்டியை மாட்டிக்கொள். அது கௌரவக் குறைச்சல் என்றால் வண்டியை விற்றுவிட்டுப் பஸ்ஸில் போ. அங்கே ஓட்டத் தெரிந்த ஆள் ஒருத்தர் இருப்பார்.

இருமலுக்கு டாக்டரைப் பார். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. கோபப்படாமல் படி.

படிவத்தை மார்ச்சிலேயே கொடுத்துவிட்டேன், உன்னை முதன்மை ஓட்டுநர் என்று காட்டி. வாடகை வீட்டுக்கு ஜாமீன் போட்டபோது நீ கொடுத்த லைசென்ஸ் நகல் கையில் இருந்தது. கையெழுத்தை நானே போட்டேன். பள்ளிக்கூடத்தில் மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்ட கைதானே, அச்சு அசலாக வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பூட்டியிருந்த மருந்துக்கடை ஷட்டரில் பின்பக்கமாக லேசாக இடித்துவிட்டேன். லேசாகத்தான், ஷட்டரை மட்டும் மாற்ற வேண்டுமாம். யாரும் பார்க்கவில்லை. ஓட்டியது நீ என்று க்ளெய்மில் எழுதியிருக்கிறேன். என் பெயரைப் போட்டால் நாலாவது ஆகிவிடும், அப்புறம் எந்தக் கம்பெனியும் என்னைத் தொடாது. உனக்கு ஒரு விசாரணைத் தாள் வரும். ஆமாம், கவனிக்காமல் எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.

வேலை போய்விடும் என்று பயப்படாதே. போனாலும்தான் என்ன, வேன் ஓட்டுவது பெரிய கலெக்டர் உத்தியோகமா?

உன் தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

விசாரணைத் தாள் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நான் எங்கள் வாசலில் வேன் சீட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதை யார் நம்புவார்கள்? படிவத்தில் என் கையெழுத்து என்னைவிட அழகாக இருக்கிறது. பள்ளிக்குப் பதிவைக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. அத்தான்தான் அலமாரியைத் திறந்து உன் கடிதத்தை எடுத்து வைத்தார். "அதான் அவனே எழுதிக் குடுத்திருக்கானே" என்றார்.

மே 21 கடிதத்தை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். நேற்று பதில் வந்தது. விபத்தை என் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் காப்பீட்டை ரத்து செய்துவிட்டார்கள். போலிக் கையெழுத்து என்று உன் பெயரில் குறித்து வைத்திருக்கிறார்கள், போலீசுக்கும் எழுதுகிறார்களாம். பெட்டி மாட்டித் தருகிறேன் என்று சொன்னவன்கூட இனி உன்னை வாசற்படி ஏற விடமாட்டான்.

கலெக்டர் உத்தியோகமா என்று கேட்டிருந்தாய். இல்லை. உன் கல்லூரிக்குப் பணம் கட்டிய உத்தியோகம். அந்த வரியை முன்பின் தெரியாதவர்கள் படிப்பார்களே என்றுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் நான் செய்த விபத்து ஒன்று உண்டு. உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

அந்தத் தாளில் ஒரு கேள்வி இருந்தது. உண்மையில் வண்டியை ஓட்டியவர் உங்களுக்கு என்ன உறவு? பொய் எழுதக்கூடாதே, தம்பி என்று எழுதினேன். இனி அந்தத் தாளில் மட்டும் அப்படி இருந்துகொள். இங்கே வராதே, எழுதவும் எழுதாதே.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, வேனை எடுக்கிறேன். ஆறரைக்கு முதல் பிள்ளை வாசலில் நிற்கும்.

கீழே கையெழுத்து போடவில்லை. நீயே போட்டுக்கொள், உனக்குத்தான் வருமே.