ஏழுமலையின் பதினோரு வருடம்

வியாழன், இரவு.

சுரங்க நிறுவனத்துக்காக நான் எழுதிய மென்பொருளில் காண்ட்ராக்ட் தொழிலாளி ஒரு கிளாஸ், அதாவது ஒரு வகைப் பதிவு; பெர்மனென்ட் தொழிலாளி இன்னொரு கிளாஸ். ஒருவர் பெர்மனென்ட் ஆனால் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவோம். இன்று சுரங்கத் தொழிலாளி ஏழுமலைக்கும் அப்படித்தான் செய்தேன். திரையைப் பார்த்தவர், “பதினோரு வருசமா வேலை பாத்துகினு இருக்கேங்க. இன்னைக்குத்தான் சேந்தேன்னு காட்டுதே?” என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேக்கப்பிலிருந்து பழைய பதிவை மீட்டேன். ஆள் என்பதற்கு ஒரு கிளாஸ், அவர் பார்க்கும் வேலைக்குத் தனி கிளாஸ் என்று பிரித்தேன். இனி வேலை மாறினாலும் ஆள் அப்படியே இருப்பார். மாலையில் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வருடமாக விரல் வைத்துப் படித்தார். “இப்ப சரிங்க,” என்று ஷிப்டுக்குக் கிளம்பினார்.

அவர் கேட்டுவிட்டார். கேட்காமல் போனவர்களை நாளை தேட வேண்டும்.