வீரையா கலக்கிய இரண்டு தொட்டி

1951 ஜூன் 4, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. ரப்பர் ஷீட்டில் ஏன் குமிழி வருகிறது என்று பார்த்த சோதனைக் கணக்கை முடித்தேன். மூன்று விஷயம்: ஆசிட் கூட அல்லது குறைய, தண்ணீர் கூட அல்லது குறைய, பாலைக் கலக்கும் கொட்டகை ஆள் வீரையா அல்லது குப்பன். முறைப்படி எட்டுத் தொட்டி வேண்டும். மலாயா முழுக்க எமர்ஜென்சி, ஊரடங்கில் நேரமேது? தோட்ட மேனேஜர் துரை கொடுத்த புத்தகத்தில் உள்ளபடி பாதி, நாலே தொட்டி. வீரையாவின் இரண்டிலும் குமிழி. குப்பனின் இரண்டும் சுத்தம். "ஆள் கைதான் காரணம்" என்று எழுதிக் கொடுத்தேன். கணக்கெழுதும் என்னைக் "கெட்டிக்காரக் கிராணி" என்றார் துரை. உச்சி குளிர்ந்தது.
குடைக்கம்பி ரிப்பேர்.

ஜூன் 5, செவ்வாய்
வெயில். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போதே போலீஸ் ஜீப். வீரையா வேண்டுமென்றே பாலைக் கெடுத்தானாம், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களின் ஆளாம். என் காகிதம் இன்ஸ்பெக்டர் கையில்!
"ஐயா, நீங்க சொன்ன அளவுதானே ஊத்துனேன்? சொல்லுங்கய்யா."
பெயர்ப் பட்டியலைப் புரட்டிக்கொண்டு நின்றேன். அவன் மனைவி அஞ்சலை கேட் வரை ஜீப்பின் பின்னால் ஓடினாள். விசாரணையே இல்லாமல் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்கிறார் ஆட்களை மேய்க்கும் மண்டோர்.
மதியம் கணக்கை மறுபடி எடுத்தேன்.
வீரையா: ஒரு தொட்டியில் ஆசிட், தண்ணீர் இரண்டும் கூட. மற்றதில் இரண்டும் குறைய.
குப்பன்: ஒன்று கூட, மற்றது குறைய. இரண்டு தொட்டியிலும், மாற்றி மாற்றி.
அடப்பாவி! ஆசிட்டும் தண்ணீரும் சேர்ந்து ஏறியதும் இறங்கியதும் வீரையா தலையில் மட்டும். குமிழி அவன் கையாலா, அந்தச் சேர்க்கையாலா? நாலு தொட்டி அதைச் சொல்லவே சொல்லாது. புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே எச்சரிக்கை. நான் புரட்டவில்லை.

ஜூன் 6, புதன்
குப்பனிடம் வீரையாவின் அளவுகளைக் கொடுத்துக் கலக்கச் சொன்னேன். "என்னத்துக்குங்க ஐயா?" "வீரையாவுக்காகடா." உடனே கலக்கினான்.

ஜூன் 7, வியாழன்
உருளையிலிருந்து வந்த ஷீட்டு முழுக்கக் குமிழி. அப்பாடா! புதுக் காகிதத்தோடு துரையிடம் ஓடினேன்.
"குப்பன் கலக்குனாலும் குமிழி வருது துரை. தப்பு என் கணக்குல."
நிதானமாகப் படித்தார்.
"அப்போ குப்பனும் அந்தக் கூட்டமா?"
"இல்லீங்க துரை" என்பதற்குள் டெலிபோன் அவர் கையில்.
பத்து மணிக்கு ஜீப். குப்பனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
மதியம் பால் வந்ததும் அதே இரண்டு அளவு, நானே கலக்கினேன்.

ஜூன் 8, வெள்ளி
வானம் மப்பு. இரண்டு தொட்டியிலும் குமிழி. காகிதத்தில் கலக்கியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். ஷீட்டைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டியாயிற்று. துரை பங்களாவுக்குக் கிளம்புகிறேன்.