காரில் கிடந்த லீவுக் கடிதம்

மடுல்கெல்ல
மார்ச் 12

அன்பு மகன் அஜந்தனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் லோஜினியும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நாங்களும் அப்படியே சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, அது பழையது. உன் தங்கச்சி டிலானிக்குப் பத்து விரலிலும் தேயிலைக் கொழுந்துக் கறை, அது புதியது. எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது என்று உனக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னால் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் எழுதுவார், அதனால் உன் தங்கச்சி எழுதுகிறாள். நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனை எடுத்ததும் நீ பேரனின் முகத்தைத்தான் காட்டுகிறாய், அவன் அப்பம்மா என்று கூப்பிட்டதும் நான் சொல்ல வந்ததெல்லாம் கரைந்துபோகிறது. அது உனக்கும் தெரியும் என்று இப்போது நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவோடு பேசியதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். லோஜினிக்கு ஜூனில் இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது என்றாய், கேட்டதும் மனம் குளிர்ந்தது, அந்தச் சந்தோசத்தை ஒரு நிமிசம்கூட வைத்திருக்க நீ விடவில்லை. "சமருக்கு மறுபடி வாங்கப்பா, இந்தத் தடவ ஆறு மாசம் முழுசா நிக்கலாம்" என்றாய். வீட்டுக்கு என்ன செய்வது என்று அப்பா இழுத்தபோது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "வீட்டப் பத்தி என்னப்பா யோசன, அதான் தங்கச்சி பேரு செக்ரோல்ல இருக்கே, அன்னைக்கு நான் மோகனராஜ் கங்காணிகிட்ட பேசி அவ பேரப் போட வச்சதாலதானே காம்பரா தப்பிச்சிச்சு" என்று. அப்பா அதற்குப் பிறகு ம் ம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், நீ கவனித்தாயோ தெரியாது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு வரை டிலானி தானாகவே பள்ளிக்கூடத்தை விட்டாள் என்றுதான் நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். படிப்பு ஏறவில்லை என்று அவள் சொன்னாள், நாங்களும் நவம்பரில் திரும்பி வந்ததிலிருந்து நான்கு மாதமாக அவளைத்தான் திட்டினோம்.

மகனே, நீ இந்த லயத்தில்தான் பிறந்தாய். வீட்டிலிருந்து ஒரு பேராவது செக்ரோலில், தோட்டத்து வேலைப் பதிவில், இருந்தால்தான் இந்தக் காம்பரா வீடு நமக்கு, பேர் வெட்டுப்பட்டால் சாமானை எடுத்து வாசலில் வைத்துவிடுவார்கள் என்று உனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. அப்பா பிலிமத்தலாவையில் கடையில் நிற்கிறவர், அவர் பேர் தோட்டத்தில் இல்லை. இந்த வீட்டுக்கு என் பேர் ஒன்றுதான். அதனால்தான் போன வருசம் ஜூனில் டொரொன்டோவுக்கு வரும்போதே இரண்டு மாத லீவுக்குக் கடிதம் எழுதி, தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். ஆகஸ்டில் நீ எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விசாவை நீட்டப் பேப்பர் போட்டுவிட்டு வந்து நின்றாய். மருமகளும், "இருங்கோ மாமி, பிள்ளை உங்களோட நல்லாப் பழகிட்டான், இப்ப விட்டிட்டுப் போனா ஏங்கிப் போவான்" என்றாள். அவளை நான் குறை சொல்லவில்லை, அவளுக்கு நம் தோட்டத்து முறை தெரியாது. உனக்குத் தெரியும். மறுபடியும் லீவு கேட்டு அப்பா எழுதினார், நான் கையெழுத்து வைத்தேன், தபாலில் போட்டால் இரண்டு கிழமை ஆகும், நான் போனில் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்புகிறேன் என்று நீதான் வாங்கிக்கொண்டாய். மூன்று கிழமைக்குப் பிறகு கோயிலுக்குப் போகும்போது அந்தக் கடிதம் உன் காரில், முன் கண்ணாடிக்குக் கீழே, நான்காக மடித்தபடி கிடந்தது. என் கையெழுத்து தெரிந்தது. அனுப்பிவிட்டுத்தான் போட்டு வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். மகனிடம் போய் அதைக் கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டேன், அது என் பிழை.

சமர் சமர் என்று நீ சொன்னதை நாங்கள் ஊர் பார்க்கிறது என்று நினைத்துவிட்டோம். நீர்வீழ்ச்சிக்கு இந்தச் சனிக்கிழமை அடுத்த சனிக்கிழமை என்று சொல்லிச் சொல்லியே இலை எல்லாம் சிவந்து கொட்டிப்போனது. நீயும் அவளும் விடிய முன்னம் வேலைக்குப் போனால் இருட்டினபிறகுதான் முகம் பார்ப்போம். நிலத்துக்குக் கீழே இருந்த அந்த அறையில் சன்னலைத் திறந்தால் ஆட்களின் சப்பாத்துத்தான் தெரியும். அப்பா வண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு பார்க்குக்குப் போவார், அங்கே வாங்கில் ஒரு பஞ்சாபித் தாத்தாவும் பேரனோடு வந்து உட்காருவாராம், இரண்டு பேருக்கும் பாசை தெரியாது, ஐந்து மாதம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம். பேரனைப் பார்த்தது எனக்குப் பாரமில்லை. அவனுக்கு நான் சோறு பிசைந்து ஊட்டியதைச் சொல்லிக்காட்டவும் இல்லை. பிள்ளை பார்க்க ஆள் வேணும்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பேருக்கு ஒழுங்காக ஏற்பாடு செய்துவிட்டு நானே ஓடி வந்திருப்பேனே. அம்மா அப்பாவுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஊரெல்லாம் படம் போட்டாயே, அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே பீலிக்குத் தண்ணிக்குப் போனால், "கனடா அம்மா வர்றாங்க, வழி விடுங்கடி, குடத்துல ஐஸ் தண்ணிதான் புடிப்பாங்க" என்று சிரிக்கிறார்கள்.

ஞாயிறு இரவு டிலானியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அவள் வாய் திறக்கிற பிள்ளை இல்லை, ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்க வேண்டியிருந்தது. செப்டெம்பரில் என் பேர் வெட்டுப்பட்டதும் கங்காணி உனக்குப் போன் எடுத்திருக்கிறார். நீ எங்களிடம் சொல்லவில்லை. அவளுக்குப் போன் எடுத்து, "அம்மாகிட்ட சொல்லாத, பதறியடிச்சு டிக்கட் மாத்தச் சொல்லுவாங்க, உனக்குத்தான் பதினாறு முடிஞ்சிருச்சே, ரெண்டு மாசத்துக்கு மட்டும் பேரப் போட்டுக்க" என்று சொல்லியிருக்கிறாய். இந்த இடத்தில் அவள் பேனையை வைத்துவிட்டு, இது வேண்டாம்மா என்கிறாள். நான் எழுதத்தான் வேண்டும் என்றேன். உங்களுக்கு ராத்திரியாக இருக்கும்போது இங்கே விடியும், அந்த நேரத்தில்தானே நாம் அவளோடு படத்தில் பேசுவோம், ஒவ்வொரு நாளும் வெள்ளைச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டுதான் வந்து நின்றாள். பிள்ளை எவ்வளவு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று நான் மருமகளிடம் பெருமையாகச் சொன்னேன். போனை வைத்ததும் அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறாள். அந்த நேரம் நீ எனக்குப் பக்கத்தில் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தாய். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை அஜந்தன், வேறொன்றும் இல்லை.

இனி காரியத்தைச் சொல்கிறேன், கவனமாகப் படி. புதன்கிழமை நானும் அப்பாவும் ஆபீசுக்குப் போனோம், லீவு தர மறுத்துவிட்டார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம், ஆகஸ்டில் அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்றார்கள். ஐம்பது தாண்டியவர்களைப் புதிதாகப் பதிவதில்லை, அதனால்தான் நான் வந்ததிலிருந்து பதிவில்லாத கைக்காசு வேலைக்குப் போகிறேன். ஆனால் பெரிய கிளாக்கர் நல்ல மாதிரி பேசினார், "நீங்க அந்த நேரம் லீவு கேட்டு எழுதினது உண்மைன்னா பழைய பேரையே திருப்பிப் போடச் சொல்லி தொரைகிட்ட கேக்கலாம்மா, ஆனா கடிதம் யார் கையில நின்னிச்சோ அவரே எழுதித் தரணும், சும்மா வாயால சொன்னா தொரை ஒத்துக்க மாட்டாரு" என்றார். என் பேர் திரும்பினால் டிலானியின் பேரை எடுத்துவிடலாம். பள்ளிக்கூடத்திலும் கேட்டுவிட்டேன், அவள் ஓ.எல். பரீட்சைக்குப் பேர் கொடுக்காமல் விட்டது போனதுதான், ஆனால் சித்திரை வருசத்து லீவு முடிந்து திறக்கும்போது வந்தால் திரும்பவும் பதினோராம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்று அதிபர் டீச்சர் சொன்னார், அதற்குப் பிறகு முடியாதாம். ஆகவே நீ உன் கையால் எழுத வேண்டும், அம்மா ஆகஸ்டில் தந்த லீவுக் கடிதத்தை நான் அனுப்பவில்லை, என் காரில் வைத்திருந்தேன் என்று. அந்தப் பழைய கடிதம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு. வெட்கமாகத்தான் இருக்கும். கங்காணி படிப்பார், கிளாக்கர் படிப்பார், இரண்டு நாளில் லயம் முழுக்கத் தெரிந்துவிடும், கனடா அஜந்தன் இப்படிச் செய்தானா என்று பேசுவார்கள். பேசட்டும். உன் தங்கச்சி உனக்காக நான்கு மாதம் எங்களிடம் ஏச்சு வாங்கினாள், நீ ஒரு கிழமை வாங்கிக்கொள்.

ஜூனுக்கு நாங்கள் வரமாட்டோம். நான் மட்டுமாவது போய்விட்டு வரட்டுமா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார், பேரன் நினைப்பு அவருக்கு. இந்தக் காரியம் முடியும் வரை ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். லோஜினியைப் பாரம் தூக்க விடாதே, போன தடவை அவளுக்கு இடுப்பு வலி இருந்தது, சுடுதண்ணீர் ஒத்தடம் நீயே கொடு. பேரனுக்குச் சளி பிடித்தால் தயிர் கொடுக்க வேண்டாம். நீங்கள் மூன்று பேரும், பிறக்கப் போகிற பிள்ளையும் நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும், கோபத்தில் எழுதினாலும் இது மனதாரச் சொல்வது. கடிதம் சித்திரை லீவு முடிவதற்குள் எங்கள் கைக்கு வர வேண்டும், மறந்துவிடாதே. இந்தத் தடவை தபாலில் போடு, படம் பிடித்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு
உன் அம்மா
வீ. பாப்பம்மா

அண்ணா, அம்மா கையெழுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். உங்களுக்குக் கஷ்டம் என்றால் எழுத வேண்டாம், எனக்குப் பரவாயில்லை என்று இதில் ஒரு வரி போடலாம் என்று நினைத்தேன். ஆனால் பரவாயில்லை இல்லை. எழுதுங்கள் அண்ணா.

டிலானி