தாடை வீங்கிய பிள்ளைகளை டாக்டர் ஒக்விர் காக்க வைப்பது குறித்து

அனுப்புநர்:
கெட்டி எஜாங்,
தையற்காரி,
அலோகோ கிராமம், வட உகாண்டா.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அதிகாரி அவர்கள்.

பொருள்: நிணநீர்ப் புற்றுநோய் எல்லாம் ஒன்றே என நம்பும் மருத்துவர் பற்றிய புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் எபிலுக்கு ஏழு வயது. தாடை வீங்கிப் பற்கள் ஆடின. நம் மாவட்ட மருத்துவமனையில் டாக்டர் ஒக்விர் முதலில் பற்களைப் பிடுங்கச் சொன்னார். வீக்கம் கண்வரை ஏறிய பிறகே சதைத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள்.

2. முடிவைப் பார்த்த டாக்டர் ஒக்விர் கூறியது: "லிம்போமாதாம்மா, நிணநீர்ப் புற்றுநோய். எங்க மாமாவுக்கும் இதான். கழுத்துல கட்டியோட பத்து வருஷமா மருந்தில்லாம, கல்யாண வீடு தவறாமப் போயி ஆட்டுக்கறி சாப்பிடறாரு. மழைக்காலம் முடியட்டும், பாப்போம்."

"உங்க மாமாவுக்குக் கண்ணு பிதுங்குச்சா ஐயா?" என்று கேட்டேன்.

"டாக்டருக்குப் படிச்சது நீயா, நானா?" என்றார். அவர்தான் படித்தவர். அதை நான் மறுக்கவில்லை.

3. மறுநாளே தையல் இயந்திரத்தை விற்று மகனைத் தலைநகருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் மருத்துவர் விளக்கியது இது: ஹாட்ஜ்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுநோய் என்பது பல நோய்களுக்குப் பொதுவான பெயர். மாமாவுக்கு இருப்பது பெரும்பாலும் ஃபாலிகுலர் வகையாக இருக்கும். மெதுவாக வளரும், முற்றிலும் நீங்குவது அரிது, தொந்தரவு தராதவரை கண்காணித்தால் போதும். எபிலுக்கு வந்தது பர்கிட் வகை. நம் பக்கத்துப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும். கட்டி ஓரிரு நாளில் இருமடங்காகும். அவ்வளவு வேகமாக வளர்வதாலேயே மருந்துக்கும் சட்டென்று கரையும். தாமதிக்காவிட்டால் பெரும்பாலும் குணமாகும்.

4. கரைந்தது. முதல் மருந்து ஏற்றிய வாரத்திலேயே என் பிள்ளை கஞ்சி குடித்தான். இப்போது பள்ளிக்குப் போகிறான். இடது கண்ணில் மட்டும் பார்வை திரும்பவில்லை. டாக்டர் ஒக்விரின் பொறுமைக்கு நாங்கள் செலுத்திய காணிக்கை அது.

5. குடும்பப் பாசம் மெச்சத்தக்கதே. ஆனால் மாமாவின் உடல்நலத்தைக் கொண்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்ப்பதைத் தாங்கள் தடுக்க வேண்டும். என் பக்கத்து வீட்டு ஸ்கோவியாவின் மகள் அவோருக்கும் சோதனையில் பர்கிட் என்றே வந்துள்ளது. அவளையும் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

6. அவளைத் தலைநகர் அனுப்பத் தங்கள் கடிதமும் வண்டியும் வேண்டும். தாயும் மகளும் தங்கள் அலுவலக வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் தயவுசெய்து வெளியே வந்து அந்தக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

நாள்: 14 மே
இடம்: தங்கள் அலுவலக வாசல்

(ஒப்பம்)
கெட்டி எஜாங்